டிரங்க் போர்டு அம்மாவும் கெர்னல் மகளும்

இரவு பதினொன்றரை மணி. மகளின் லேப்டாப் இன்னும் அணையவில்லை. பால் டம்ளரோடு வந்த அம்மா, "நாலு நாளா தூங்காம அப்படி என்னதான்டி பாக்கறே?" என்றார்.

சொன்னால் புரியுமா என்று மகள் ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு, "நீ டிரங்க் போர்டுல உக்காந்திருந்தே இல்ல... கிட்டத்தட்ட அதே வேலைம்மா" என்றாள்.

அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று கால்கள் வரும். லைட்னிங் வந்தால் மற்றதெல்லாம் காத்திருக்க வேண்டும். அவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். ஒரு விசையைத் தட்டினாலும், நெட்வொர்க்கில் தகவல் வந்தாலும் பிராசஸருக்கு மணி அடிக்கும். அதுதான் இன்டரப்ட். பல மணிகள் ஒன்றாக அடித்தால் எது முதலில் என்று வரிசைப்படுத்துவது இன்டரப்ட் கன்ட்ரோலர். 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கம்ப்யூட்டரில் 8259 என்ற சிப்கள் இரண்டு இந்த வேலையைச் செய்தன. இரண்டும் சேர்ந்து 15 மணிகளைக் கவனித்தன. இன்று அந்தப் பொறுப்பு பிராசஸருக்குள்ளேயே இருக்கும் ஏபிஐசி என்ற பகுதிக்கு வந்துவிட்டது. 'இப்போது சின்ன விஷயத்துக்குத் தொந்தரவு செய்யாதே', 'இந்த வேலை முடிந்தது' என்றெல்லாம் அதற்குச் சொல்வது, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல்.

"சரி, இதுல உனக்கு என்ன வேலை?"

"ஒரே மெஷின்ல பத்து கெர்னல் குடியிருக்கும்மா. ஒவ்வொண்ணும் வீடு முழுக்கத் தன்னோடதுன்னு நினைச்சுட்டிருக்கும்."

பத்து கெர்னல்களும் ஒரே கன்ட்ரோலரில் கை வைத்தால் குழப்பம்தான். அதனால் நடுவில் ஹைப்பர்வைசர் என்று ஒருவர். லினக்ஸில் அவர் பெயர் கேவிஎம்; 2007 பிப்ரவரியில் வந்தது. ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒரு பொய்க் கன்ட்ரோலரைக் காட்டுவார். கெர்னல் அதில் எதையாவது எழுதினால், பிராசஸர் கெர்னலை நிறுத்திவிட்டு ஹைப்பர்வைசரிடம் வரும். நிஜ சிப் என்ன செய்திருக்குமோ அதை அவர் நடித்துக் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்புவார். கெர்னலுக்கு இது தெரியவே தெரியாது.

ஆனால், ஒவ்வொரு முறை வெளியே வந்து போவதும் பெரிய செலவு. விண்டோஸ் எக்ஸ்பி அந்தத் 'தொந்தரவு செய்யாதே' அட்டையை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். நிஜ மெஷினில் அதனால் பாதகமில்லை. விர்ச்சுவல் மெஷினில் வேகம் படுத்துவிடும். எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கட்டளைகளை நினைவகத்தில் திருத்தித்தான் கேவிஎம்மில் சமாளித்தார்கள்.

"ஒரு வாய் தண்ணி குடிக்கவும் வாட்ச்மேன்கிட்ட கேட்டுட்டு வர மாதிரி" என்று சிரித்தார் அம்மா.

"அதேதான். 2013-ல வந்த இன்டெல் சர்வர் சிப்ல இதுக்கு வழி பண்ணிட்டாங்க. பொய்க் கன்ட்ரோலரை சிப்பே பாத்துக்கும். 'முடிஞ்சது'ன்னு எழுதினா வெளியே வர வேண்டாம். மணியும் ஓடிட்டிருக்கற கெர்னலுக்கே நேரா போயிடும். ஹைப்பர்வைசரைக் கூப்பிடவே தேவையில்லை."

அம்மாவின் சிரிப்பு நின்றது. "எஸ்.டி.டி. வந்த மாதிரி" என்றார்.

இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே வந்தது. அம்மாவின் ஊருக்கு வர நெடுங்காலம் ஆனது. வந்த பிறகு போர்டில் விளக்கு எரிவது குறைந்துகொண்டே போனது. குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் அம்மாவை ஃபைல் பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

"நடுவுல ஆள் வேணாம்னு ஆயிடுச்சு இல்ல?"

மகளுக்குச் சுருக்கென்றது. "முழுசா இல்லம்மா. அந்த நேர் வழி, கெர்னல் முழிச்சிட்டு இருந்தாதான். வேலை இல்லைன்னா அது தூங்கிடும், அந்த இடத்தை இன்னொண்ணுக்குக் குடுத்துடுவோம். அப்போ மணி அடிச்சா யார் எழுப்பறது? ஹைப்பர்வைசர்தான். தூங்க வைக்கறதுக்கு முன்னாடி 'இவனுக்கு மணி வந்தா என்கிட்ட சொல்லு'ன்னு சீட்டு எழுதி வைப்பார்."

"அப்புறம் என்ன கஷ்டம்?"

"சீட்டு எழுதற அந்தக் கண நேரத்துல மணி அடிச்சிட்டா? பழைய வழியிலயும் போகாது, புது வழியிலயும் வராது. அது பாட்டுக்குத் தூங்கிட்டே இருக்கும். நாலு நாளா அதைத்தான் தேடறேன்."

அம்மா யோசிக்கக்கூட இல்லை. "ஷிஃப்ட் முடிஞ்சு ஹெட்ஃபோனைக் கழட்டினதும் நாங்க உடனே எழுந்திருக்க மாட்டோம். போர்டை இன்னொரு தடவை பாப்போம். ஒரு லைட் எரிஞ்சாலும் திரும்ப மாட்டிக்குவோம்."

மகள் திரையை மேலே நகர்த்தினாள். சீட்டு எழுதும் வரி இருந்தது. தூங்க வைக்கும் வரி இருந்தது. நடுவில், மணி ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று திரும்பப் பார்க்கும் வரி இல்லை.

"பால் ஆறுது பாரு" என்றார் அம்மா. போகாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.