தாழ்ந்த வண்டியும் தளர்த்தாத போல்ட்டும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பின், மதுரை புதூரில் என் இளைய மகன் நடத்தும் வாகனப் பட்டறைக்குச் சென்றேன். மதரஸாவில் ஓதுவதை இடையில் நிறுத்திவிட்டு அவன் ஸ்பானர் பிடித்து எட்டாண்டுகள் ஆகின்றன. அதுவரை அந்த வாசலை நான் மிதித்ததில்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்து ஓட்டிய ஊர் இது. பட்டறைத் தொழிலை இங்கே எவரும் இழிவாக எண்ணுவதில்லை. மனத்தாங்கல் எனக்குத்தான். அன்று அவன் தாயார் கொடுத்தனுப்பிய சாப்பாட்டுத் தூக்கே என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

உள்ளே பழைய மாருதி 800 ஒன்று நின்றது. அதன் சொந்தக்காரர் மேலூர்ப் பக்கத்து இளைஞர். அழகுக்காக வேறோர் இடத்தில் குட்டையான சுருள்வில்களைப் போட்டு வண்டியைத் தாழ்த்தியிருந்தார். சில மாதங்களில் முன்பக்கம் தட்டும் ஓசை எழுந்தது. ஓட்டம் ஒரு பக்கமாக இழுத்தது. மகன் கழற்றி வைத்திருந்த புஷ்ஷில் ரப்பர் பாதி வட்டத்துக்குக் கிழிந்திருந்தது.

“மட்டமான ரப்பரோ?” என்றேன்.

“ரப்பர் நல்லதுதான் அத்தா. வில்லை மாத்தினவங்க போல்ட்டைத் தளர்த்தவே இல்லை. வண்டி தாழ்ந்துடுச்சு, புஷ் மட்டும் பழைய உயரத்திலேயே இருந்திருக்கு” என்றான்.

பிறகு பொறுமையாக விளக்கினான். புஷ் என்பது இரண்டு இரும்புக் குழல்களுக்கு நடுவே ஒட்டி வார்த்த ரப்பர். வெளிக்குழல் சக்கரத்தைத் தாங்கும் கையோடு சேர்ந்தது. உள்குழலை வண்டியின் உடலோடு போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது. கை மேலும் கீழும் அசையும்போது இரண்டு குழல்களும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதில்லை. நடுவிலுள்ள ரப்பரே முறுகிக்கொடுத்து மீள்கிறது. எந்த நிலையில் போல்ட் இறுக்கப்பட்டதோ, அந்த நிலையில்தான் அதற்கு ஓய்வு. கையின் நீளம் 300 மில்லிமீட்டர் என்று கொண்டால், வண்டியை 40 மில்லிமீட்டர் தாழ்த்தும்போது கை ஏறத்தாழ 8 பாகை திரும்பிவிடும். வண்டி சும்மா நிற்கும்போதும் ரப்பர் முறுகியே இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் அந்த முறுக்கின்மேல் இன்னொரு முறுக்கு.

அரபியில் ரப்பருக்கு ‘மத்தாத்’ என்று பெயர். இழுத்து நீட்டுதல் என்னும் பொருளுள்ள வேரில் பிறந்த சொல். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் ரப்பர் உறுதிபெறும் என்பதை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். அத்தகைய ரப்பரும் ஓயாமல் முறுக்கி வைத்தால் கிழியத்தான் செய்கிறது.

கிழிந்த புஷ் தளர்த்தினால் தேறாது, புதிதுதான் போடவேண்டும். அவன் புதிய புஷ்களைப் பொருத்தினான். போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகினான். ஜாக்கியை இறக்கிச் சக்கரங்கள் வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்கும்படி நிறுத்தினான். முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விட்டு வண்டியைத் தன் உயரத்தில் அமரச் செய்தான். அதன்பிறகே குழிக்குள் இறங்கி, நிறுவனம் குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினான். சக்கரங்களின் கோணங்களையும் சரிபார்க்க வேண்டும் என்றான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இத்தகைய மாற்றங்களுக்கு வரம்பு கட்டுவதையும் அந்த இளைஞருக்கு எடுத்துச் சொன்னான். பழைய வில்களையே திரும்பப் போட்டாலும் போல்ட்டைத் தளர்த்தி மீண்டும் இறுக்கியாக வேண்டுமாம்.

“இவ்வளவு தெளிவான விதியை ஏன் விட்டுவிடுகிறார்கள்?” என்று கேட்டேன்.

“வண்டியைத் தொங்கவிட்டே இறுக்கினா கை எட்டும் அத்தா. வேலை செய்யறவங்களுக்கு அது வசதி.”

அந்தச் சொல் என்னைச் சுட்டது. என் தகப்பனார் ஆலிம். நானும் ஓதிக் கொடுப்பவன். அந்த வரிசையில் இவனையும் ஒன்பது வயதிலேயே இறுக்கி வைத்தேன். எந்தப் பாரத்தை இவன் தாங்குவான் என்று நிறுத்திப் பார்க்கவில்லை. எனக்கு எது வசதியோ அதைச் செய்தேன். அவன் வாழ்க்கை வேறோர் உயரத்தில் அமர்ந்த பின்னும் எட்டாண்டுகளாக நான் தளர்த்தவில்லை. பெருநாளன்று கட்டித் தழுவும்போதுகூட எங்களிடையே அந்த முறுக்கு இருந்தது.

ஒத்தக்கடை வரை ஓட்டிப் பார்க்க என்னையும் ஏற்றிக்கொண்டான். யானைமலை எதிரே தெரிந்த நேரான சாலையில் ஸ்டியரிங்கிலிருந்து பிடியைச் சற்றே தளர்த்தினான். வண்டி விலகாமல் நேரே சென்றது. “நல்ல வேலை, தம்பி” என்றேன். அவன் சாலையைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை.

திரும்பி வந்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். புறப்படும்போது, “அடுத்த வெள்ளியும் வருவீங்களா அத்தா?” என்று கேட்டான்.

“தூக்கை யார் கொண்டுவருவார்? நான்தானே” என்றேன்.