கல்வெட்டிலிருந்து அடங்கல் வரை: டெல்டாவில் கணக்குக் கேட்கும் பாதை

கல்லணையில் மதகு திறக்கும் நாளில் நெல்லும் பூவும் தூவிக் கும்பிடுகிறார்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் அங்கே பிரிகிறது. ஊரார் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய், 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. மற்றவை பழைய ஆறுகள். எந்த ஆற்றில் எத்தனை கன அடி விட்டார்கள் என்பதை நீர்வளத் துறையினர் அளவுகோலைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். கீழே தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரியும் இடத்திலும், நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரியும் இடத்திலும் இப்படித்தான் அளவு எடுக்கப்படுகிறது.

தண்ணீர் போகும் வழியெல்லாம் ஒரு கணக்கும் கூடவே போகிறது. ஆனால் கடைமடையில் வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நிற்கிறவருக்கு அந்தக் கணக்கு தெரிவதில்லை. “மேலே திறந்தாச்சுங்கிறாங்க, இங்க வந்து சேரலையே” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு, அதற்கான செலவு பத்து ரூபாய்.

கல்லில் எழுதிய கணக்கு

கணக்கைப் பொதுவில் வைப்பது தஞ்சாவூருக்குப் புதிதல்ல. பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். விவசாயக் குடும்பங்கள் அடித்தளத்துக் கல்லையும் குனிந்து பார்க்க வேண்டும். ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்கள், அந்த ஊர்களின் நில அளவு, அவை அளக்க வேண்டிய நெல் எல்லாம் அங்கே வரிவரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. நில அளவு வேலிக்குக் கீழே நுணுக்கமான பின்னம் வரை போகிறது. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு போன்ற வரியில்லா நிலங்களைத் தனியே கழித்துக் காட்டியிருக்கிறார்கள். நெல்லை அளக்க ‘ஆடவல்லான்’ என்று பெயரிட்ட மரக்காலைக் குறித்திருக்கிறார்கள். தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேருக்கு ஆளுக்கொரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல் என்று ஒவ்வொருவர் பெயரும் வீடும் கல்லில் இருக்கிறது.

காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. குடவோலைத் தேர்தலில் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று அது சொல்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே தடைதான்.

கல்லுக்குப் பிறகு ஓலை வந்தது, ஓலைக்குப் பிறகு காகிதம். மராத்தியர் ஆட்சிக்கால மோடி எழுத்து ஆவணங்கள் சரசுவதி மகாலில் உள்ளன. வெள்ளைக்காரர் காலத்தில் கணக்கெல்லாம் கர்ணத்தின் கட்டுக்குள் போனது. 1980-ல் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கட்டு கை மாறியது. ஆனால் அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஒருவருடைய தயவு வேண்டும் என்ற நிலை மாறவில்லை.

தயவு உரிமையான கதை

அதை மாற்றியவர்களில் முக்கியமானவர்கள் ராஜஸ்தானின் கூலி விவசாயிகள். 1994-ல் அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு ஊர்ப் பொதுவிசாரணைகளை நடத்தியது. பஞ்சாயத்து வேலையின் வருகைப் பதிவேட்டையும் ரசீதுகளையும் ஊரார் முன்னால் வாசித்தார்கள். வேலைக்கு வராதவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதே அவர்களுடைய கோஷம்.

தமிழ்நாடு 1997-லேயே ஒரு தகவல் சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடப்பில் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் இருக்கும் பதிவேடு, கோப்பு, மதிப்பீடு, வரைபடம் எதுவானாலும் குடிமக்கள் நகல் கேட்கலாம், நேரில் போய்ப் படித்துப் பார்க்கலாம். நடக்கிற வேலையைப் பார்வையிடலாம், போட்ட பொருளின் மாதிரியையும் கேட்கலாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு ஊர், ஒரு வாய்க்கால்

டெல்டாவில் தை, மாசிக்குப் பிறகு டீக்கடையில் ஒரு பேச்சு தவறாமல் எழும். மழையில் இரண்டு ஊர்ச் சம்பாவும் சேர்ந்துதான் சாய்ந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் பயிர்க் காப்பீடு வந்தது, இந்தப் பக்கம் வரவில்லை. யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒருவர் சொல்வார். எல்லாம் மேலிடத்து வேலை என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே ஊகம்தான். விடை ஒரு படிவத்தில் இருக்கிறது.

நெல்லுக்கு இழப்பீடு வருவாய்க் கிராம அளவில் முடிவாகிறது. கிராமத்தில் குலுக்கல் முறையில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் கட்டி அறுத்து எடை போடுகிறார்கள். இதுதான் பயிர் அறுவடைப் பரிசோதனை. ஒரு ஹெக்டேரில் இப்படி நானூறு சதுரம் அடங்கும். ஒரு சதுரத்தில் ஏழரைக் கிலோ என்றால் ஹெக்டேருக்கு 3,000 கிலோ, ஆறு கிலோ என்றால் 2,400 கிலோ. ஈரத்தைக் கழித்துக் காய்ந்த எடைக்கு மாற்றும் கணக்கு இதில் தனி.

கடந்த ஏழு ஆண்டில் நல்ல மகசூல் வந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியிலிருந்து உத்தரவாத மகசூலைக் கணக்கிடுகிறார்கள். ஓர் ஊருக்கு அது 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனையில் 2,400 கிலோ கண்டால் குறைவு 600, அதாவது 20 சதவீதம். ஏக்கருக்கு 30,000 ரூபாய் காப்பீடு என்றால் 6,000 ரூபாய் கிடைக்கும். பரிசோதனையில் 3,010 கிலோ என்று பதிவானால் ஒரு ரூபாயும் கிடையாது. ஒரு சதுரத்தில் ஒன்றரைக் கிலோ நெல், ஒரு கிராமத்தின் கையில் வரும் பணத்தைத் தீர்மானிக்கிறது.

அதனால் “எங்கள் ஊருக்கு ஏன் காப்பீடு வரவில்லை?” என்று மனுவில் கேட்டால் பலன் இல்லை. ஏன் என்பதற்கு விளக்கம் எழுதித் தர வேண்டிய கட்டாயம் அலுவலருக்குக் கிடையாது. இருக்கிற ஆவணத்தைத் தர வேண்டியதுதான் அவர் கடமை. கேட்க வேண்டியவை இவை:

1. இந்த வருவாய்க் கிராமத்தில் இந்தச் சம்பாப் பருவத்தில் நடந்த பயிர் அறுவடைப் பரிசோதனைகளின் எண்ணிக்கை, தேதி, புல எண்.
2. ஒவ்வொரு பரிசோதனையிலும் எடை பதிவு செய்த படிவத்தின் நகல்.
3. கிராமத்தின் உத்தரவாத மகசூலும், அதைக் கணக்கிட எடுத்துக்கொண்ட ஏழு ஆண்டு மகசூல் விவரமும்.

நகல் கைக்கு வந்ததும் ஊரே பார்க்கலாம். அறுத்த தேதியில் அந்தப் புல எண்ணில் பயிர் நின்றதா, சாய்ந்த வயலா மேட்டு வயலா என்பது ஊராருக்குத் தெரியும். கணக்கு சரியாக இருந்தால் வீண் சந்தேகம் தீரும். தவறு இருந்தால் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் காகிதத்தைக் காட்டிப் பேசலாம்.

தண்ணீர் வருவதற்கு முன்

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். அதற்கு முன்பு சித்திரை, வைகாசியில் வாய்க்கால்களில் பொக்லைன் இறங்கும். தூர்வாரும் வேலை நடக்கும் இடத்தில் பலகை இருக்க வேண்டும். வேலையின் பெயர், நீளம், மதிப்பீட்டுத் தொகை ஆகியவை அதில் இருக்கும். பலகையில் இல்லாதது கோப்பில் இருக்கும். எத்தனை மீட்டர் அகலம், எத்தனை ஆழம், எத்தனை கனமீட்டர் மண் என்பது மதிப்பீட்டில் தெரியும். எடுத்ததாக எழுதிய அளவும், கொடுத்த தொகையும் அளவுப் புத்தகத்தில் தெரியும்.

இதில் நாள் கணக்கு முக்கியம். பதில் தர அலுவலகத்துக்கு முப்பது நாள் அவகாசம். வைகாசிக் கடைசியில் மனுப் போட்டால், பதில் வரும்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடும். எடுத்த மண்ணும் எடுக்காத மண்ணும் தண்ணீருக்குக் கீழே ஒன்றாகிவிடும். அதனால் வேலை தொடங்கும்போதே மதிப்பீட்டு நகலைக் கேட்டுவிட வேண்டும். வேலையை நேரில் பார்வையிடவும் அதே மனுவில் அனுமதி கேட்கலாம். பயிர் அறுவடைப் பரிசோதனைக்கும் இதே பாடம்தான். அறுத்து உழுத பிறகு வயல் சாட்சி சொல்லாது.

அடங்கலில் ஒரு வரி

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை கொண்டுபோகிறவரிடம் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. எந்தப் புலத்தில் எந்தப் பசலியில் என்ன பயிர் என்று அதில் எழுதியிருக்கும். ஜூலை 1-ல் தொடங்கி மறு ஜூன் 30-ல் முடிவது ஒரு பசலி. நெல் நட்ட வயலில் தரிசு என்று பதிவானால் கொள்முதலிலும் நிவாரணத்திலும் தொல்லை வரும்.

பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றுக்குத் தகவல் மனு தேவையில்லை. அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம். 1979-க்கும் 1987-க்கும் நடுவே நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயரோ பரப்போ பிசகிப் போன குடும்பங்களுக்கு அதற்கு முந்தைய பதிவேடு வேண்டும். அதைப் பழைய ஆவணக் கட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒன்றாக இருந்த தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-ல் நாகப்பட்டினமும், 1997-ல் திருவாரூரும் பிரிந்தன. 2020-ல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. கட்டு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் மனுவைப் போடலாம். தன்னிடம் இல்லாததைக் கேட்கும் மனுவை உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்புவது வாங்கியவரின் பொறுப்பு.

கோயில் நிலம், மடத்து நிலம் உழுகிற குத்தகைதாரர்கள் இங்கே ஏராளம். 1969-ம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாத்தா பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பேரனுக்குத் தெரியாது. அந்தப் பதிவின் நகல் ஒன்றே போதும், குடும்பத்தின் சாகுபடி உரிமையை எடுத்துச் சொல்ல.

மனுப் போடும் முறை

வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும். “பொதுத் தகவல் அலுவலர்” என்று குறிப்பிட்டு அலுவலகத்தின் பெயரை எழுத வேண்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் ஒரு நகலையும் பத்திரப்படுத்த வேண்டும். வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவர்கள் சான்று வைத்தால் கட்டணம் இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தாக்க உதவுவது அலுவலரின் கடமை. நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். நேரில் பார்க்க முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், அடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அங்கும் நடக்காவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆணையம் வரை போனால் பொறுமை வேண்டும். முதல் மனுவிலேயே கேள்வி தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. அடுத்தவருடைய சொந்த விவரத்தைக் கேட்டால் மறுக்க இடம் உண்டு. ஊரின் மொத்தக் கணக்கைக் கேட்பதே நல்லது.

தனியாகக் கேட்கத் தயங்குகிறவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒருவர் வாங்கிய நகலை அங்கே எல்லாருக்கும் வாசித்துவிட்டால், அது ஒரு மனுதாரரின் காகிதமாக இல்லாமல் ஊர்க் காகிதமாகிவிடும்.

கல்லணையில் பிரிந்த தண்ணீர் கடைசி வயலுக்கு வந்து சேர்வதற்குள் எத்தனையோ மதகு தாண்ட வேண்டியிருக்கிறது. கடைமடைக்காரர் நடுவிலே போய் அடைப்பை எடுத்துவிட்டுத்தான் தண்ணீர் பாய்ச்சுகிறார். கணக்குக்கும் அவரே போய் வழி எடுத்துவிட வேண்டியிருக்கிறது. அதற்குக் கையில் ஒரு வெள்ளைத்தாளும் பத்து ரூபாய் வில்லையும் போதும்.