எல்லின் கீழொரு கோடு

தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் கருத்தைச் சார்ந்ததன்று, எழுத்தைச் சார்ந்தது. கலை, களை, கழை என்னும் மூன்று சொற்களையும் வெறும் உரோமன் எழுத்திற் பெயர்த்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். லகர, ளகர, ழகரங்களுக்கு அங்கே 'எல்' ஒன்றே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, எல்லின் கீழ்ப் புள்ளியிட்டு ளகரத்தையும் கோடிட்டு ழகரத்தையும் உணர்த்திற்று. நெட்டுயிர்களுக்கு மேற்கோடு இட்டது. ஆய்வாளர் பெரும்பாலும் இம்முறையையே பின்பற்றுகின்றனர்.

குறிகளை வீண் அலங்காரமாகக் கருதுவோர் எம்மிடையே உளர். பிரெஞ்சு மொழியில் மீனவனையும் பாவியையும் வேறுபடுத்துவது ஓர் உயிரெழுத்தின் மேலுள்ள சிறு குறியே. தொல்காப்பியரும் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி விதித்தவர்தாம்.

எனது முதல் ஆய்வேடு ஆங்கிலத் தட்டச்சுப்பொறியில் உருவானது. பக்கங்கள் முடிந்தபின், கோடுகளையும் புள்ளிகளையும் கறுப்பு மையினால் கையாலேயே இட்டேன். ஐரோப்பிய மொழிகளுக்கான பொறிகளில், அழுத்தியும் தாள் நகராத விசையொன்று இருந்தது. முதலில் குறி விழும்; அதன்மேல் எழுத்து விழும். எம்மிடம் அத்தகைய பொறி இருக்கவில்லை.

கணினி வந்தபோது இத்தொல்லை தீர்ந்ததென எண்ணினோம். 1991 இல் முதன்முதலாக வெளிவந்த ஒருங்குறியில், இக்குறியெழுத்துகள் யாவற்றுக்கும் இன்று இடமுண்டு. ஆயின் ஒரே எழுத்தை இரு வழிகளில் ஆக்கலாம். கோட்டுடன் கூடிய எல்லுக்குத் தனிக் குறியெண் ஒன்றுண்டு. வெறும் எல்லை இட்டு, அதன்பின் கோட்டை மட்டும் தனியே சேர்க்கவுங் கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றைச் சமமாகக் கொள்ளல் வேண்டுமென்பது ஒருங்குறியின் விதி. அதனைப் பேணாத மென்பொருள்களும் உள.

இதன் விளைவைச் சில ஆண்டுகளுக்கு முன் கண்டேன். ஆறுமுக நாவலரின் பெயரை நூலகப் பட்டியலொன்றில் மிகச் சரியான குறிகளுடன் தேடிய மாணவி ஒருவர், அவர் நூல் எதுவுமே அங்கில்லை என்று வந்து சொன்னார். நூல்கள் இருந்தன. அவர் தட்டியது ஒற்றைக் குறியெண். பட்டியலில் இருந்தது எழுத்தும் கோடுமாகப் பிரிந்த வடிவம். கவனமாகத் தட்டியவருக்கே நாவலர் அகப்படாமற் போனார்! குறிகளை நீக்கித் தேடியபோது நூல்கள் வரிசையாக வந்தன. அதைக் கண்ட நண்பர் ஒருவர், இனிக் குறிகளே வேண்டாம் என்றார். எனக்கு அது உடன்பாடன்று. பட்டியலின் குறைக்காக மொழியின் ஒலிகளைக் கைவிடுதல் எங்ஙனம் பொருந்தும்?

தட்டும் முறையும் எளிதன்று. மைக்ரோசொப்ட் வேர்ட் செயலியில் 1, ஈ, 3, பீ எனத் தட்டி, அல்ட் விசையுடன் எக்ஸை அழுத்தினால் ழகரத்துக்குரிய எல் தோன்றும். ஒரு கட்டுரைக்கு இது போதும், ஆய்வேட்டுக்குப் போதாது. ஆகவே விசைப்பலகை அமைப்பையே மாற்றி, வலப்புற அல்ட் விசையுடன் எல்லை அழுத்தினால் கோடும், மேலெழுத்து விசையையுஞ் சேர்த்தால் புள்ளியும் வருமாறு செய்துகொண்டேன். அரைநாள் வேலைதான். இன்று எம் துறையில் நால்வர் அதனைப் பயன்படுத்துகின்றனர். 'என்' விசையில் ணகரம் முந்துவதா னகரம் முந்துவதா என்பதில் மட்டும் எமக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.