முப்பது ஆண்டுகள் தாமதமான ஒரு திருத்தம்

பத்திரிகையில் வந்த பிழைக்குத் திருத்தம் போடுவது எங்கள் தொழிலில் எவருக்கும் பிடிக்காத வேலை. எனக்கும்தான். 1994ஆம் ஆண்டு, நான் தொழிலுக்குப் புதியவன். ஞாயிறு இதழில் ஒரு மூலை காலியாகிவிட, "எதையாவது எழுதித் தாரும்" என்றார்கள். கொழும்பில் நான் குடியிருந்த வீட்டு முற்றத்தில் செவ்வரத்தைப் பூக்களுக்கு வரும் கறுத்த பெரிய வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். ஒன்றின் பின்சிறகில் வெள்ளைப் பொட்டுகள் நிரையாக இருக்கும். மற்றொன்றின் பின்சிறகில் நடுவே வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்புப் பிறைகளும். மூன்றாவதற்கு முன்சிறகில் வெள்ளைப் பட்டைகள், பின்சிறகில் கருஞ்சிவப்புப் புள்ளிகள். "நம் தோட்டத்தின் மூன்று இனங்கள்" என்று அடித்துச் சொல்லியிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. அது போர்க்காலம், அங்கிருந்து கடிதம் வந்து சேர்வதே பெரிய காரியம். எழுதியவர் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். "தம்பி, நீர் கண்ட மூன்றும் ஒரே இனமாக இருக்கலாம். செட்டையைப் பாராமல் உடம்பைப் பாரும். உடம்பிலும் சிவப்பு இருந்தால் வேறு இனம். முழுக்கக் கறுப்பென்றால் ஒன்றுதான்." அட்டையை ஆசிரியபீடத்தில் காட்டினேன். பூச்சிக்குத் திருத்தமா என்று சிரித்தார்கள். அது என் கோப்புக்குள் போயிற்று. உண்மையைச் சொன்னால், எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

2020ஆம் ஆண்டு பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்து எங்களை வீட்டுக்குள் இருத்தியது. பூச்சாடியில் நின்ற கறிவேப்பிலையைச் சுற்றி ஒரு கறுத்த வண்ணத்துப்பூச்சி தடுமாறித் தடுமாறிப் பறந்தது. இலைமேல் இறங்கி முன்கால்களால் தட்டிப் பார்த்தது. அவை கால்களாலும் சுவையறியும். தளிரொன்றில் ஒற்றை முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போயிற்று. வெளிர்மஞ்சள் நிறம், குண்டூசித் தலையளவு.

சில நாட்களில் வெளிவந்த புழுக்களை நான் முதலில் புழுவென்றே எண்ணவில்லை. கபிலமும் வெள்ளையும் கலந்து, குருவி எச்சம் போலக் கிடந்தன. பறவை தன் எச்சத்தைக் கொத்தாது என்ற கணக்கு. கடைசித் தோலுரிப்புக்குப் பின்னர் ஒரேயடியாக இலைப்பச்சை; தோளில் பொய்க்கண்கள் வேறு. விரலால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவர்க்கொம்பொன்று நீளும். கூடவே காரமான ஒரு நாற்றம்.

நாளுக்கு நாள் அவற்றின் பசி பெருகிற்று. "இஞ்சருங்கோ, கடைக்கும் போகேலாது. உங்கட புழு சொதிக்கு ஒரு நெட்டும் விடாது போல கிடக்கு" என்றாள் மனைவி. நியாயமான முறைப்பாடுதான். ஒரு கிளை சமையலுக்கு, மற்றவை புழுக்களுக்கு என்று உடன்பாடு கண்டோம். மூன்று புழுக்களில் ஒன்று காணாமற் போயிற்று. மற்ற இரண்டும் இடுப்பில் ஒற்றைப் பட்டிழையைக் கட்டிச் சாய்ந்தபடி கூட்டுப்புழுவாகின.

பத்துப் பன்னிரண்டு நாட்களின் பின் ஒரு காலையில் முதலாவது பிளந்தது. கசங்கிய சிறகுகள் மெல்ல விரிந்தன. வெள்ளைப் பொட்டு நிரை, ஆண். மறுநாள் வந்ததைக் கண்டு நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். பின்சிறகு முழுவதும் சிவப்புப் புள்ளிகள். குனிந்து உடம்பைப் பார்த்தேன். கறுப்பு.

கொமன் மோர்மன் என்பது இதன் ஆங்கிலப் பெயர். விஞ்ஞானப் பெயர் பபிலியோ பொலிற்றீஸ். பெண்களில் ஒரு சாரார் ஆணைப் போலவே இருப்பர். மற்றவர்கள் இருவகை 'ரோஸ்' வண்ணத்துப்பூச்சிகளின் வேடம் போடுவார்கள். அந்த ரோஸ் இனங்களின் புழுக்கள் ஆடுதின்னாப்பாளையைத் தின்று நஞ்சைச் சேர்ப்பவை. ஒருமுறை சுவைத்த பறவை மறுமுறை தொடாது. அவை கறிவேப்பிலையைத் தின்பதில்லை. ஆகவே என் சாடியிலிருந்து வந்த சிவப்புக்காரி வேடதாரியேதான். வேடதாரிகள் பெருகிவிட்டால் பறவைகள் பயம் தெளிந்துவிடும். எல்லாப் பெண்களும் வேடம் போடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இயற்கையியலாளர்களும் ஒரு காலத்தில் இவற்றைத் தனித்தனி இனங்களாகவே பெயரிட்டிருந்தனர். இவை ஒரே இனத்தின் பெண்கள் என்று விளக்கியவர் அல்பிரட் ரசல் வொலஸ். அக்கட்டுரை வெளியானது 1865இல். இந்த வேடங்களை ஆளுவது ஒரேயொரு மரபணு என்று கிருஷ்ணமேக் குண்டேயும் சகாக்களும் காட்டியது 2014இல். ஆண், பெண் என்று உடலைப் பிரிக்கும் 'டபுள்செக்ஸ்' மரபணுவே அது.

ஆசிரியரின் அட்டையைத் தேடி எடுத்தேன். அவர் அப்போதே முதியவர். பதில் போட இனி முகவரியில்லை. எனவே இங்கே பதிகிறேன்.

திருத்தம்: 1994இல் நான் எழுதிய கட்டுரையில் மூன்று இனங்கள் என்று குறிப்பிட்டிருந்தேன். சிவப்புச் சிறகோடு வந்தவை ரோஸ் இனங்களா, மோர்மன் பெண்களா என்பதை இப்போது சொல்ல இயலாது. அவற்றின் உடம்பை நான் பார்க்கவில்லை.