முழங்காலுக்குள் ஒரு சிலுவை

எங்கள் ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுத் தொழிலாளரான சகோதரியர் தரையில் கால் மடக்கி அமர்ந்தே நாளெல்லாம் உழைக்கின்றனர். மடங்கிய கால் நிமிர, தொடையின் முன்புறத் தசைகள் முழங்காற்சில்லை மேலிழுக்க வேண்டும். மூட்டின் இருபக்கமும் பக்கநார்கள் காத்து நிற்கின்றன. உள்ளேயோ இரு நார்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு, கீழ்க்கால் எலும்பு முன்னோ பின்னோ நழுவாமல் பிடித்துக்கொள்கின்றன. மருத்துவ நூலார் அவற்றுக்கு இலத்தீனில் இட்ட பெயரே சிலுவையைக் குறிப்பதுதான்.

திருப்பலியின் எழுந்தேற்ற வேளையில் முழந்தாளிட இயலாமல் தூணைப் பற்றி நிற்கும் மூதாட்டியரைச் சிலர் முகஞ்சுளித்து நோக்குவதைக் கண்டிருக்கிறேன். ஒலிவ மலையில் முழந்தாளிட்டு மன்றாடிய ஆண்டவர், பிள்ளைகளின் சோற்றுக்காக ஆண்டுக்கணக்கில் மடங்கித் தளர்ந்த முழங்கால்களை அறியாரோ? அன்பர்களே, அம்மூட்டுகளுக்குள்ளும் சிலுவை உண்டு. அவர்களுக்கு ஒரு நாற்காலி நகர்த்தித் தருவதும் ஆராதனையே.