எடைக்குப் போட்ட கணக்குப் புத்தகம்

போன மாசம் எதுவும் எழுத முடியல. ஒரு பக்கம் சம்பா நடவு, இன்னொரு பக்கம் பாப்பா.

பாப்பா கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் முதல் வருஷம் சேர்ந்திருக்கு. அரசுப் பள்ளியில தமிழ் வழியில படிச்ச பிள்ளை. 7.5 சதவீத ஒதுக்கீட்டுல இடம் கிடைச்சுது. காலேஜ் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசாங்கமே கட்டிடுது. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வேற. அதனால பணக் கஷ்டம்னு எழுத ஒண்ணுமில்ல. கஷ்டம் வேற வழியா வந்துச்சு.

முதல் ரெண்டு வாரம் போன்ல சாப்பாடு, கொசு, குளிக்க நிக்கிற வரிசை இதைத்தான் பேசுச்சு. அப்புறம் பேச்சு குறைஞ்சுது. நல்லாருக்கியான்னு கேட்டா 'ம்'. நாத்தைப் பறிச்சு நட்டா கொஞ்ச நாள் மஞ்சளாத்தான் நிக்கும், வேர் பிடிச்சா பச்சை கட்டிடும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு நாத்து போன் பண்ணி அழாது. இது அழுதுச்சு. முதல் பரீட்சையில கணக்குல 50க்கு 11. பிளஸ் டூவுல 91 வாங்குன பிள்ளை.

"எல்லாரும் தலையாட்டுறாங்கப்பா. நானும் ஆட்டுறேன். ஒண்ணும் புரியல. வீட்டுக்கு வந்துடுறேன்."

"ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டு வந்துடுறேம்மா"ன்னு நான் உடனே சொல்லிட்டேன். வீட்டுக்காரம்மா ஒரு முறை முறைச்சா. "போய்ப் பாத்துட்டு வாங்க. நீங்களா வான்னு கூப்பிடாதீங்க."

வெள்ளிக்கிழமை மறுபடி போன். "அப்பா, வரும்போது என் பன்னிரண்டாவது கணக்குப் புத்தகத்தை எடுத்துட்டு வாங்க."

பரண்ல ஏறித் தேடும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. ரிசல்ட் வந்த மறுவாரமே ரெண்டு வருஷப் புத்தகத்தையும் கட்டி, பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போட்டது நான்தான். 120 ரூபாய் வந்துச்சு. அந்தக் காசுல மருந்தடிக்கிற டேங்குக்கு வாஷர் வாங்குனேன்.

காலையில கணக்கு வாத்தியார் வீட்டு வாசல்ல போய் நின்னேன். திட்டுவார்னு நெனச்சேன். மனுஷன் உள்ள போய் தமிழ்ல ஒண்ணு, அதே புத்தகம் இங்கிலீஷ்ல ஒண்ணுன்னு ரெண்டா எடுத்துட்டு வந்தார். "பக்கத்துக்குப் பக்கம் வச்சுப் பாக்கச் சொல்லுங்க."

விடுதிக்குள்ள ஆம்பளைங்களை விடமாட்டாங்க. கேட்டுக்கு வெளிய ஒரு வேப்பமரத்தடியில உட்கார்ந்தோம். முறுக்குப் பொட்டலத்தைக் கூடப் பிரிக்கல, புத்தகத்தைத்தான் பிரிச்சுது. போர்டுல போட்டதைப் பார்த்தா அணின்னு தெரியுதாம், கேள்வியில என்ன கேக்குறாங்கன்னுதான் தெரியலையாம். டிரான்ஸ்போஸ்னா நிரை நிரல் மாற்று. ரேங்க்னா அணித்தரம். "ரேங்க் கண்டுபிடின்னா எனக்கு வகுப்புல வாங்குற ரேங்க்தாம்பா ஞாபகம் வந்துச்சு"ன்னு சொல்லி அதுவே சிரிச்சுது. எனக்கு அணியும் தெரியாது, மேட்ரிக்ஸும் தெரியாது. சும்மா பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு இடத்துல விரல் நின்னுச்சு. "ஐகன் வேல்யூ மட்டும் இதுல இல்லப்பா." கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப அது எல்லாருக்கும் புதுசுதான் போல"ன்னுச்சு.

அதுக்குள்ள அறைத் தோழி ஒண்ணு வந்துச்சு. தர்மபுரிப் பக்கம், அதுவும் தமிழ் வழிதான். அது எடுத்தது 50க்கு 9. ஒரே அறையில இருந்துக்கிட்டு, ஒரு மாசமா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கவே இல்ல. முறுக்கை அந்தப் பிள்ளைதான் பிரிச்சுது.

துணிமணியை அள்ளிட்டு வரலாம்னு ஒரு பெரிய பையை மடிச்சுக் கொண்டு போயிருந்தேன். எதுக்குப்பா இதுன்னு கேட்டுது. நான் பதில் சொல்லல. அதுல போர்வையைத் திணிச்சு, துவைச்சுக் கொண்டுவாங்கன்னு கொடுத்துட்டு வகுப்புத் தோழியோட உள்ள போயிடுச்சு. பஸ்ல ஜன்னலோரம் அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டுத்தான் வந்தேன்.

நேத்து ராத்திரி போன். "அப்பா, பதினொண்ணாவது பிசிக்ஸ் புத்தகம் கிடைக்குமா? ரெண்டு மொழியிலயும் வேணும்."

நாளைக்கு நடவு ஆள் வருது. அதுக்கு முன்னாடி வாத்தியார் வீட்டுக்கு ஒரு எட்டு போகணும்.