குட்டி யானை ஏன் நடுங்குது?

குட்டி யானை என்றதும் முதுமலை ஞாபகம் வந்தால், நீங்கள் லோடு வண்டிப் பக்கமே போனதில்லை என்று அர்த்தம் :-) 2005 மே மாதம் டாடா மோட்டார்ஸ் ஏஸ் என்ற மினி டிரக்கைக் கொண்டுவந்தது. 702 சிசி, இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். அதற்கு நம் ஊர் வைத்த பேர்தான் குட்டி யானை. இப்போது வேறு கம்பெனியின் சின்ன லோடு வண்டி வந்தாலும் பாதிப் பேர் குட்டி யானை என்றுதான் சொல்கிறார்கள்.

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையில் (பழைய என்.ஹெச். 5, இப்போது 16) கவரைப்பேட்டைக்கு முன்னால் வருவது புதுவாயல். பெரியபாளையம் ரோடு பிரிவதும் இங்கேதான். வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட், தெற்கே போனால் ரெட்ஹில்ஸ். நடுவில் இருக்கிற ஊரில் லோடு வண்டிக்கு எப்போதும் வேலை உண்டு. ஆனால் பெரும்பாலான வண்டிகளுக்கு முதலாளியும் டிரைவரும் ஒரே ஆள்தான். வண்டி நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

அப்படி ஒருத்தர். பத்து வருஷத்துக்கு மேலான பழைய டீசல் குட்டி யானை. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் கையில் உதறுகிறது, கண்ணாடி கடகடவென்று ஆடுகிறது, சில சமயம் தானாக ஆஃப் ஆகிவிடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒழுங்காகிவிடுகிறது. முதலில் போன ஒர்க்ஷாப்பில் ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார்கள். ரெண்டு நாள் நடுக்கம் தெரியவில்லை. அப்புறம் மறுபடி அதே கதை, கூடவே டீசல் செலவும் ஏறியது. இரண்டாவது முறை போனபோது, "கம்ப்ரஷன் போயிடுச்சு, இன்ஜினைப் பிரிக்கணும், 35,000 ஆகும்" என்றார்கள். வீட்டில் இருந்த ஒரே செயினை அடகுக்கு எடுத்து வைத்தாகிவிட்டது.

அதற்கு முன்னால் ஒரு நாள் பொறுக்கச் சொன்னது, ரோட்டோரம் ஷெட் போட்டிருக்கும் ஒரு வயசான மெக்கானிக். அவர் செய்ததைப் புரிந்துகொள்ள கொஞ்சம் கணக்கு வேண்டும். கஷ்டமான கணக்கெல்லாம் இல்லை.

நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிந்து சக்தி கொடுக்கும். ஐடிலில் நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சிலிண்டர் வண்டிக்கு நிமிடத்துக்கு 1800 தள்ளு கிடைக்கும். இரண்டு சிலிண்டருக்கு 900தான். அதனால் குட்டி யானை பிறவியிலேயே கொஞ்சம் ஆடும். அது நோய் இல்லை. ஆனால் அதில் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றால் பாதி பலம் போய்விடும். நாலில் ஒன்று போனால் கால்வாசிதானே போகும்? அதனால்தான் சின்ன வண்டியில் சின்னக் குறைகூடப் பெரிதாக உதறும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி இறுக்கி அதில் வரும் சூட்டிலேயே டீசல் எரிகிறது. ஆக மூன்றுதான் விஷயம்: காற்று, இறுக்கம், சரியான நேரத்தில் சரியான அளவு டீசல். இதில் எது தவறினாலும் முதலில் காட்டிக்கொடுப்பது ஐடில்தான். ஓடும்போது ஃப்ளைவீல் வேகமாகச் சுற்றி ஒரு தவறை மறைத்துவிடும். மெதுவாகச் சுற்றும்போது மறைக்க முடியாது.

இனி மெக்கானிக் பார்த்த வரிசை.

முதலில் கேள்விகள்.

"காலையில ஸ்டார்ட் ஆவ லேட்டாவுதா தம்பி?"

"ஆமாண்ணே, ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்கணும். மதியத்துல உடனே எடுத்துக்கும்."

"நடுக்கம் எப்பவும் இருக்கா, விட்டு விட்டு வருதா?"

"விட்டு விட்டுத்தாண்ணே."

அடுத்து புகை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வெளியே வருகிறது. இந்த வண்டியில் நடுக்கம் வரும்போது மட்டும் லேசான வெள்ளை.

பிறகு இன்ஜின் மவுன்ட் ரப்பர். இன்ஜின் சத்தம் ஒரே சீராக இருந்து பாடி மட்டும் உதறினால் பழி ரப்பர் மேல்தான். இங்கே சத்தமே தடுமாறியதால் ரப்பர் தப்பித்தது.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்துவது. அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கினால் அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டர். தளர்த்தியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் திருடன். இந்த வண்டியில் எந்த நட்டைத் தளர்த்தினாலும் இன்ஜின் ஒரே மாதிரி திணறியது. அதாவது இரண்டு சிலிண்டரும் உழைக்கின்றன. ஒரு வால்வோ, ஒரு ரிங்கோ, ஒரு நாசிலோ போயிருந்தால் ஒன்று மட்டும்தானே கெட்டிருக்கும்? தவிர கம்ப்ரஷன் போன இன்ஜின் விட்டு விட்டு உடம்பு சரியாகாது. அப்படியென்றால் குறை இரண்டுக்கும் பொதுவான இடத்தில், டீசல் வரும் வழியில்.

ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தார். தண்ணீர் கலந்திருந்தால் அது கனம் என்பதால் அடியில் தனியாக நிற்கும். இல்லை. பிறகு டேங்க்கிலிருந்து வரும் லைனில் ஒரு துண்டு டிரான்ஸ்பரன்ட் ட்யூப் மாட்டி வண்டியை ஓடவிட்டார். சோடா மாதிரி குமிழ் குமிழாக வந்தது. காற்று!

இங்கேதான் வேடிக்கை. டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்தப் பகுதியில் விரிசல் இருந்தால் பெரும்பாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறைகூட இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ராத்திரி முழுக்க நின்றால் அதே விரிசல் வழியாகக் காற்று நுழைந்து டீசல் டேங்க்குக்கே இறங்கிவிடும். காலையில் செல்ஃப் அடித்து அடித்து மறுபடி ஏற்ற வேண்டும். முதல் கேள்வியிலேயே பாதி பதில் இருந்தது பாருங்கள்.

கிளிப் இறுக்கும் இடத்தில் ரப்பர் ஹோஸ் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு அடி புது ஹோஸ், இரண்டு கிளிப், ஹேண்ட் பிரைமரை அழுத்தி ஏர் எடுத்தல், ஐடில் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே இறக்குதல். கூலியோடு 400 ரூபாய். செயின் திரும்ப பீரோவுக்குப் போனது.

முதல் ஒர்க்ஷாப் ஏமாற்றியது என்று சொல்லிவிட முடியாது. நிஜமாகவே அப்படி நினைத்திருக்கலாம். பிரச்சினை வேறு. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெடுகிறது என்பதுதான் அதன் சாரம். 2001-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ரிப்பேர் ஷெட்டிலும் அதே கதைதான். இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரியும், காசு கொடுப்பவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியைக் குறைக்க ஒரே வழி, சோதனைகளைச் செலவு வரிசையில் வைப்பது. காசே ஆகாத கேள்வியும் புகையும் முதலில், பத்து இருபது ரூபாய் ட்யூப் அடுத்து, பம்ப் ரூமில் நாசில் டெஸ்ட் அதற்கப்புறம், கேஜ் மாட்டி கம்ப்ரஷன் பார்ப்பது அதற்கும் பின்னால், இன்ஜின் பிரிப்பது கடைசியிலும் கடைசி. ஒவ்வொரு படியிலும் "எதை வைத்துச் சொல்றீங்க?" என்று கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு.

ஒரு முக்கிய எச்சரிக்கை. நட்டைத் தளர்த்தும் வேலையெல்லாம் பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் மட்டும், அதுவும் தெரிந்தவர் கையால் மட்டும். இப்போதைய காமன் ரெயில் டீசல் பிக்கப்பில் அந்தப் பைப்பில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான். ஓடும்போது தளர்த்தினால் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும், கையே போகும் ஆபத்து. அந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் மாட்டினால் எந்த சிலிண்டருக்கு எவ்வளவு டீசல் கூட்டிக் குறைக்கிறது என்று திரையிலேயே பார்க்கலாம். கருவி மாறினாலும் யோசிக்கும் முறை மாறவில்லை: ஒரு சிலிண்டரா, எல்லாமா? எப்போதுமா, விட்டு விட்டா?

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது லோடு வண்டி வைத்திருந்தால் இந்த இரண்டு கேள்வியை மட்டுமாவது சொல்லி வையுங்கள். அடகுக்கடைக்குப் போகும் ஒரு நடை மிச்சமாகலாம்.